கார்லன்ரிக்கில் நடந்தது நீதியா? ஐந்தாம் ஜேம்ஸ் தன் எல்லைக் குடிகள்மீது நடத்திய 1530ஆம் ஆண்டுப் படையெடுப்பு

ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் 1530ஆம் ஆண்டு கோடையில் பெரும்படையோடு தெற்கே இறங்கி, இங்கிலாந்தை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த தன் சொந்தக் குடிகளையே வேட்டையாடினார். கொள்ளையரை ஒடுக்கி நாட்டில் ஒழுங்கை நிலைநாட்டிய செயலாக அதைக் கொள்வதா, அல்லது நம்பி வந்தவர்களைக் கொன்ற அரச வஞ்சகமாகக் கொள்வதா என்பது கேள்வி. மன்னர் எல்லைக்குப் போயாக வேண்டிய காரணம் மெய்யாகவே இருந்தது என்பதும், ஆனால் மே மாதத்தில் எடின்பரோவில் நீதிமன்ற விசாரணையோடு தொடங்கிய காரியம் ஜூலை மாதத்தில் கார்லன்ரிக் என்ற மலைச் சிற்றூரில் விசாரணையே இல்லாமல் தூக்குக் கயிற்றில் முடிந்தபோது அது நீதியின் பாதையை விட்டு விலகிவிட்டது என்பதும் என் கருத்து. இந்த இரண்டு மாதங்களுக்கு இடையில் என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்கு முன்னால் அந்த எல்லை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மேற்கே சால்வே கழிமுகத்திலிருந்து கிழக்கே ட்வீட் ஆறு கடலில் கலக்கும் இடம் வரை நீளும் மலையும் மேய்ச்சல் நிலமும் கலந்த பகுதி அது. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்துக்குள் புகுந்த நாள் முதல், இரண்டு நாட்டுப் படைகளும் மாறி மாறிக் கடந்து போகிற வழியாக அது ஆகிவிட்டது. எந்தப் படை வந்தாலும் முதலில் எரிவது அங்கிருந்த வைக்கோற்போர். முதலில் காணாமற்போவது அங்கிருந்த மாடு. விதைத்தால் அறுவடை தன் கைக்கு வருமா என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் உழவை நம்புவதைக் குறைத்து, ஓட்டிக்கொண்டு ஓடக்கூடிய செல்வமான கால்நடையை நம்பத் தொடங்கினார்கள். அரசன் தொலைவில் இருந்தான், குலம் பக்கத்தில் இருந்தது. ஸ்காட்லாந்துப் பக்கத்தில் ஆம்ஸ்ட்ராங், எலியட், ஸ்காட், கெர், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் என்றும், இங்கிலாந்துப் பக்கத்தில் கிரஹாம், சார்ல்டன், மஸ்கிரேவ் என்றும் பெயர் கொண்ட குலங்களே ஒருவனுக்கு உண்மையான நாடாக இருந்தன. ஒரு குலத்தான் கொல்லப்பட்டால் பழிதீர்க்கும் கடன் அவனுடைய பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் உரியது.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், அதை மீட்பதைக் கரந்தை என்றும் நம் இலக்கணம் வகுத்திருக்கிறது அல்லவா? அந்த எல்லையிலும் இரண்டுக்கும் முறை இருந்தது. அறுவடை முடிந்து, இரவு நீண்டு, மாடுகள் நன்றாகத் தின்று வலுவாக இருக்கும் இலையுதிர் காலத்தில் கவர்தல் சூடுபிடிக்கும். மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் ஆட்களையும் மோப்ப நாய்களையும் கூட்டிக்கொண்டு, ஈட்டி முனையில் எரியும் புற்கரணையைக் குத்தி உயர்த்தியபடி, எல்லையைத் தாண்டியும் துரத்திப் போகலாம். அப்படித் துரத்துகிறவனைத் தடுப்பது குற்றம். 1249ஆம் ஆண்டிலேயே எழுதிவைக்கப்பட்ட எல்லைச் சட்டங்கள் இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்தன. ஒவ்வொரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வார்டன் என்ற காவல் தலைவர் அமர்த்தப்பட்டார். இரு பக்க வார்டன்களும் குறித்த நாளில் சந்தித்து, வழக்குகளைக் கேட்டு, இழப்பீடு வாங்கித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்துப் பக்கத்தில் வார்டன் பதவி பெரும்பாலும் உள்ளூர்ப் பிரபுக்களிடமே இருந்தது. களவுக்கு நீதி வழங்க வேண்டியவரும், களவுக்குப் போன ஆளுக்கு நிலமும் நிழலும் கொடுத்தவரும் பல நேரங்களில் ஒருவரே. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்று உலகமெங்கும், தமிழிலும்கூட, புழங்குகிற பிளாக்மெயில் என்ற சொல் இந்த எல்லையோடு நெருங்கிய உறவுள்ளது. மெயில் என்பதற்கு அந்த வட்டார மொழியில் வாடகை, குத்தகைப் பணம் என்று பொருள். நிலக்காரனுக்குக் கொடுப்பது நேர்மையான குத்தகை. 'உன் மாட்டை நானும் தொடமாட்டேன், மற்றவனையும் தொடவிடமாட்டேன்' என்று சொல்லிக் கொள்ளைக்காரத் தலைவன் வாங்குவது கருப்புக் குத்தகை. இதைக் கொடுத்தவர்கள் பிரபுக்கள் இல்லை. நாலு மாடும் ஒரு குடிசையும் வைத்திருந்த ஏழைக் குத்தகைக்காரர்கள் கொடுத்தார்கள். மன்னரின் படையெடுப்பை எதிர்த்துப் பேசுகிறவர்கள் இவர்களை மறந்துவிடக் கூடாது.

எல்லையின் மேற்கு ஓரத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. எஸ்க் ஆற்றுக்கும் சார்க் ஆற்றுக்கும் இடையில், சுமார் 10 மைல் நீளமும் 4 மைல் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் எந்த நாட்டுக்கு உரியது என்பதில் இரு அரசுகளும் உடன்படவில்லை. அதை வழக்கு நிலம் என்றே அழைத்தார்கள். சூரியன் உதித்தபின் இரு நாட்டாரும் அங்கே மாடு மேய்க்கலாம், மறைவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வீடு கட்டக்கூடாது, உழக்கூடாது என்பது உடன்பாடு. எந்த அரசனின் சட்டமும் எட்டாத அந்த இடத்தில் யார் குடியேறுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ஸ்ட்ராங் குலத்தார் லிட்ஸ்டேல் பள்ளத்தாக்கிலிருந்து அங்கே பரவி, தடித்த கல் சுவரும் கீழ்த்தளத்தில் மாடுகளை அடைக்க வளைவுக் கூரைக் கொட்டிலும் கொண்ட கோபுர வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர்தான் கில்நாக்கி ஜானி ஆம்ஸ்ட்ராங். மேங்கர்டனில் இருந்த குலத்தலைவர் தாமஸ் ஆம்ஸ்ட்ராங்கின் தம்பி. 1525இல் இவர் மேற்கு எல்லையின் பெரிய பிரபுவான ராபர்ட் மேக்ஸ்வெல்லுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். 'நான் உன் ஆள், உன் சண்டை என் சண்டை' என்பது அந்த வகைப் பத்திரத்தின் சாரம். அதற்கு ஈடாகப் பிரபு நிலமும் பாதுகாப்பும் தருவார். லாங்ஹோம் பக்கத்து நிலங்கள் சில அப்படி ஜானிக்குக் கிடைத்தன. ஆகவே அவரை எந்த நிழலும் இல்லாத காட்டுக் கொள்ளையன் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து மூலமான கடப்பாட்டோடு ஒரு வார்டனின் கீழ் இருந்த மனிதர் அவர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இதற்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும். 1528இல் ஆங்கிலப் பக்கத்து வார்டன் வில்லியம் டேக்கர் வழக்கு நிலத்துக்குள் புகுந்து ஆம்ஸ்ட்ராங்குகளின் குடியிருப்புகளைக் கொளுத்தியபோது ஜானியின் கோபுரமும் எரிந்தது. ஆம்ஸ்ட்ராங்குகள் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்துப் பக்கத்து நெதர்பியைக் கொளுத்திப் பதில் சொன்னார்கள்.

இனி மன்னரைப் பற்றி. ஐந்தாம் ஜேம்ஸ் 1512 ஏப்ரலில் பிறந்தார். 1513 செப்டம்பர் 9 அன்று ஃப்ளாடன் போர்க்களத்தில் தந்தை நான்காம் ஜேம்ஸ் ஆங்கிலேயரிடம் மாண்டபோது, ஒன்றரை வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தை மன்னனானது. தாய் மார்கரெட், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் உடன்பிறந்தவர். குழந்தை மன்னனைக் கையில் வைத்திருப்பவரே நாட்டை ஆள்பவர் என்ற நிலையில், மார்கரெட்டின் இரண்டாம் கணவரான ஆங்கஸ் பிரபு டக்ளஸ் சிறுவனை ஏறக்குறையச் சிறைக்கைதியாகவே வைத்திருந்தார். 1526 ஜூலையில், மெல்ரோஸ் அருகே பக்லூவின் பிரபு வால்டர் ஸ்காட் எல்லைப்புறக் குதிரைவீரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து, சிறுவன் மன்னனை ஆங்கஸின் பிடியிலிருந்து மீட்கப் போரிட்டுத் தோற்றார். மன்னரை விடுவிக்க முயன்று எல்லைக்காரர்கள் ரத்தம் சிந்தினார்கள் என்பது இதன் பொருள். 1528இல் பதினாறு வயதில் ஜேம்ஸ் தப்பி ஸ்டர்லிங் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆங்கஸ் இங்கிலாந்துக்கு ஓட நேர்ந்தது. இத்தனை ஆண்டுகள் பிறர் கையில் பொம்மையாக இருந்த இளைஞன் தன் ஆணை நாட்டின் கடைசி முழம் வரை செல்கிறது என்று காட்டத் துடித்ததில் வியப்பில்லை.

ஆனால் அவரை எல்லைக்குத் தள்ளியது இளமைத் துடிப்பு மட்டுமில்லை. 1528 டிசம்பரில் பெர்விக்கில் இங்கிலாந்தோடு ஐந்து ஆண்டு அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. லிட்ஸ்டேல்காரர்கள் செய்யும் கொள்ளைக்கு ஸ்காட்லாந்து ஈடு செய்யத் தவறினால், இங்கிலாந்து மன்னர் தாமே அங்கே ஆள் அனுப்பித் தண்டிக்கலாம் என்ற நிபந்தனை அதில் பேசப்பட்டது. ஓர் அரசனுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு என்ன இருக்க முடியும்? தன் குடிகளைத் தான் அடக்காவிட்டால் மாமன் அடக்குவான். ஃப்ளாடனில் தந்தையை இழந்த நாடு இன்னொரு போரைத் தாங்கும் நிலையிலும் இல்லை. தேவாலயமும் தன்னால் இயன்றதைச் செய்து பார்த்திருந்தது. 1525இல் கிளாஸ்கோ பேராயர் காவின் டன்பார், ஆயிரம் சொற்களுக்கு மேல் நீளும் ஒரு சாபத்தை எழுதி, தலைமயிர் முதல் உள்ளங்கால் வரை எல்லைக் கொள்ளையரின் ஒவ்வோர் உறுப்பையும், அவர்கள் நிற்பதையும் நடப்பதையும் உண்பதையும் உறங்குவதையும், வீட்டையும் மாட்டையும் ஏரையும் ஒன்றுவிடாமல் சபித்தார். அந்தப் பேராயர் மன்னருக்கு ஆசிரியராக இருந்தவர். 1528 முதல் நாட்டின் தலைமை அமைச்சரும் அவரே. சாபம் பலிக்கவில்லை. அடுத்து வாள் வந்தது.

1530 மே மாதத்தில் மன்னர் செய்த முதல் காரியம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கொள்ளையர்மீது படை நடத்துவதற்கு முன்பாக, கொள்ளையருக்கு நிழல் தந்த பிரபுக்களைப் பிடித்து உள்ளே வைத்தார். லிட்ஸ்டேலுக்கு உரியவரான போத்வெல் பிரபு, மேக்ஸ்வெல் பிரபு, ஹ்யூம் பிரபு, நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மை மீட்கப் போரிட்ட அதே பக்லூ ஸ்காட், ஃபெர்னிஹர்ஸ்ட் கெர், ஜான்ஸ்டன் என்று பலர் காவலில் வைக்கப்பட்டார்கள். நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பது மன்னருக்கும் அவருடைய ஆலோசகர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அதே மாதத்தில் இரண்டு சிறு நிலக்கிழார்கள் எடின்பரோவில் விசாரிக்கப்பட்டார்கள். ஹென்டர்லண்டைச் சேர்ந்த வில்லியம் காக்பர்ன் ஆங்கிலேயரைக் கூட்டிவந்து தன் நாட்டவனையே கொள்ளையடிக்கச் செய்ததற்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டார். 'கள்வர்களின் அரசன்' என்று பெயர் வாங்கிய டஷிலா ஆடம் ஸ்காட்மீது சாட்டப்பட்ட குற்றம் கருப்புக் குத்தகை வாங்கியது. யாரிடம் வாங்கினார் என்பதை வழக்குப் பதிவு சொல்கிறது: இன்னின்ன ஊரின் ஏழைக் குத்தகைக்காரர்களிடமிருந்து. அரசன் என்பவன் யாருக்காக இருக்கிறான் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். இருவரும் தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். தண்டனை கடுமையானதுதான், ஆனால் குற்றம் இன்னதென்று எழுதப்பட்டது, சான்று கேட்கப்பட்டது, தீர்ப்புச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்து அளவுகோலில் அதை நீதி என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை.

இதன் பிறகுதான் படை கிளம்பியது. எண்ணிக்கையைப் பற்றி அக்கால வரலாற்றாசிரியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 12,000 வரை போகிறது கணக்கு. நிலக்கிழார்களும் குடிமக்களும் பல வாரத்துக்கு வேண்டிய உணவைக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும், நல்ல வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் நாயையும் கொண்டுவர வேண்டும் என்றும் ஆணை போயிற்று. பார்ப்பவர்களுக்கு இது அரசனின் வேட்டைப் பயணம் போலத் தெரிய வேண்டும். வேட்டையும் நடந்தது. மெகட் பள்ளத்தாக்கு, எட்டிரிக் காடு ஆகியவற்றின் வழியாகப் போனபோது 360 மான்கள் வீழ்த்தப்பட்டதாக, சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய ஒருவர் குறித்திருக்கிறார். அந்தப் படை அங்கிருந்து டீவியட் ஆற்றின் தலைப்பகுதியை நோக்கித் திரும்பி, மலைகளுக்கு நடுவே கார்லன்ரிக் என்ற சிற்றூர்த் தேவாலயத்தின் அருகே கூடாரம் அடித்தது.

ஜூலை 5 என்பது பொதுவாகச் சொல்லப்படும் நாள். ஜானி ஆம்ஸ்ட்ராங் மன்னரைக் காண அங்கே வந்தார், அல்லது வரவழைக்கப்பட்டார். மன்னரே அன்போடு கடிதம் எழுதி அழைத்தார் என்று மக்கள் பாட்டு பாடுகிறது. அரசவையைச் சேர்ந்தவர்கள் ஆசை காட்ட, பாதுகாப்புச் சீட்டு இல்லாமல் வந்து வழியில் அரச வீரர்களிடம் சிக்கினார் என்று இன்னொரு பதிவு சொல்கிறது. எதை ஏற்றாலும், போரிடும் எண்ணத்தோடு அவர் வரவில்லை என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் தரும் காட்சியில், இருபத்துநான்கு குதிரைவீரர்கள் சூழ, தன்னிடமிருந்த நல்ல உடைகளையெல்லாம் அணிந்துகொண்டு, அரசனைக் காணப் போகும் குடிமகனுக்கு உரிய முறையில் அவர் வருகிறார். அந்த அலங்காரமே பகையாயிற்று. ஓர் அரசனிடம் இருக்கத்தக்கது எது இவனிடம் இல்லை என்று பதினெட்டு வயது மன்னர் சீறியதாகப் பதிவு. ஜானி தன் சேவையை முன்வைக்கிறார்: இங்கிலாந்தின் எந்தப் பிரபுவைச் சொன்னாலும், குறித்த நாளுக்குள் உயிரோடோ பிணமாகவோ கொண்டுவந்து நிறுத்துவேன், நான் ஸ்காட்லாந்துக்காரன் எவனையும் கொள்ளையடித்ததில்லை. மன்னர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரக்கமில்லாத முகத்திடம் இரக்கம் கேட்டேனே என்று ஜானி நொந்துகொள்கிறார். 'இது முன்பே தெரிந்திருந்தால் உங்கள் தயவும் ஹென்றி மன்னரின் தயவும் இல்லாமல் எல்லையிலேயே வாழ்ந்திருப்பேன்; நான் இன்று சாகப் போகிறேன் என்று தெரிந்தால் ஹென்றி மன்னர் என் குதிரையின் எடைக்கு எடை பொன் தருவார்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த உரையாடல் அப்படியே நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுகள் பல கழிந்து எழுதப்பட்ட காட்சி அது. எழுதியவர் கைவண்ணம் அதில் தெரிகிறது. ஆனால் அவரும் அவரோடு வந்தவர்களும் அங்கேயே தூக்கிலிடப்பட்டார்கள் என்பது உறுதி. எண்ணிக்கை முப்பத்தாறு என்பார்கள், நாற்பத்தெட்டு என்பார்கள். எதுவானாலும் ஒரே நாளில், ஒரே இடத்தில். மே மாதத்தில் இரண்டு பேருக்குக் கிடைத்த விசாரணை இவர்களில் ஒருவருக்கும் நடந்ததாகப் பதிவு இல்லை.

பாட்டையும் கதையையும் ஒதுக்கிவிட்டு, உறுதியாக நம்பத்தக்க ஓர் ஏட்டுக்கு வருகிறேன். அது அரச முத்திரைப் பதிவேட்டில் 1530 ஜூலை 8 தேதியிட்ட ஒரு கொடைச்சீட்டு. மேங்கர்டன் தாமஸ் ஆம்ஸ்ட்ராங்கின் தம்பியான மறைந்த ஜான் ஆம்ஸ்ட்ராங், தான் செய்த திருட்டுக்காகக் கொல்லப்பட்டதால், அவனுடைய அசையும் பொருள், அசையாப் பொருள் அனைத்தும் மன்னருக்குச் சேர்ந்தன. அவற்றை மன்னர் இன்னாருக்கு வழங்குகிறார் என்பது அதன் பொருள். தூக்கிலிட்டதைக் குறிக்க அந்தச் சீட்டில் வரும் சொல்லைக் கவனித்தால் மனம் கசக்கிறது. அக்கால ஸ்காட்லாந்து வழக்கில் மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கு 'நீதி செய்தல்' என்ற பொருள் தரும் சொல்லையே எழுதினார்கள். 'ஜானைச் சாகும்படி நீதி செய்ததால்' என்று எழுதியிருக்கிறது. சரி, அந்தப் பொருளையெல்லாம் பெற்றவர் யார்? ராபர்ட் மேக்ஸ்வெல் பிரபு. ஜானி யாருக்கு 'உன் ஆள்' என்று எழுதிக் கொடுத்தாரோ அவர். கொள்ளையருக்கு நிழல் தந்தார் என்று மே மாதத்தில் காவலில் வைக்கப்பட்ட அதே மனிதர். தூக்கிலிட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இந்தச் சீட்டு கண்ணில் பட்ட பிறகு 1530ஐ வெறும் ஒழுங்கு நடவடிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேக்ஸ்வெல்தான் சதி செய்து ஜானியை மாட்டிவிட்டார் என்று பிற்காலத்தில் சிலர் எழுதியதுண்டு. அதற்கு நேரடிச் சான்று கிடையாது, நான் அந்தக் குற்றத்தைச் சாட்டவில்லை. சாட்ட வேண்டிய தேவையும் இல்லை. களவுக்கு வாளைத் தீட்டிக் கொடுத்தவர், களவாடியவனின் சொத்துக்கு வாரிசானார் என்பது எழுத்தில் இருக்கிறது. மற்றப் பிரபுக்களும் பிணையம் கொடுத்து ஒவ்வொருவராக வெளியே வந்து பதவிகளில் அமர்ந்தார்கள். மன்னர் வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளையை வெட்டிக்கொண்டு போனார்.

மன்னர் தரப்பில் சொல்லத்தக்கதையும் சொல்லிவிட வேண்டும். எல்லையிலிருந்து நியூகாசில் வரை ஜானிக்குக் கப்பம் கட்டினார்கள் என்று அவருடைய புகழ் பாடுகிறவர்களே எழுதியிருக்கிறார்கள்; கட்டியவர்கள் விரும்பியா கட்டியிருப்பார்கள்? ஆங்கிலேயரை மட்டும்தான் கொள்ளையடித்தேன் என்பது உண்மையாகவே இருந்தாலும், 1528 உடன்படிக்கைக்குப் பிறகு ஒவ்வோர் ஆங்கிலேய மாடும் நாட்டையே போருக்கு இழுக்கக்கூடிய மாடு. அரைநூறு குதிரைவீரர்களோடு திரியும் தலைவனை நீதிமன்றக் கூண்டுக்குக் கொண்டுவருவது எளிதில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் அவர் கைக்குள் வந்த பிறகு எடின்பரோவுக்குக் கொண்டுபோக என்ன தடை இருந்தது? பல ஆயிரம் பேர் கொண்ட படை சுற்றி நின்றது. அதன்பின் சில காலம் அமைதி நிலவியதையும் மறுக்க முடியாது. எட்டிரிக் காட்டில் மன்னருடைய 10,000 ஆடுகள் மேய்ந்தன என்றும், ஃபைஃப் போன்ற அமைதியான உள்நாட்டுப் பகுதியில் மேய்ந்தது போல மேய்ப்பன் கணக்கு ஒப்படைத்தான் என்றும் ஜானியின் கடைசிக் காட்சியை எழுதிய அதே வரலாற்றாசிரியர் பெருமையோடு சொல்கிறார். புதர்கூட மாட்டைக் காவல் காக்கும் அளவுக்கு ஒழுங்கு வந்தது என்று ஒரு சொலவடையும் பிறந்தது. ஏழைக் குத்தகைக்காரர்களின் ஆடுகள் எப்படி இருந்தன என்பதை அந்த வரிகள் சொல்லவில்லை.

அமைதி நிலைக்கவும் இல்லை. காவலிலிருந்து வெளியே வந்த போத்வெல், 1531 டிசம்பரில் ஆங்கிலேய வார்டனான நார்த்தம்பர்லண்ட் பிரபுவை இரகசியமாகச் சந்தித்து, தன் சிறைவாசத்தையும் லிட்ஸ்டேலை இழந்ததையும் சொல்லிப் புலம்பி, இங்கிலாந்து மன்னருக்கு ஊழியம் செய்ய முன்வந்தார். 1532இல் எல்லையில் மீண்டும் போர் மூண்டு 1534 வரை நீடித்தது. ஆம்ஸ்ட்ராங்குகளில் சிலர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அரசன் காப்பான் என்ற நம்பிக்கை அரசுக்கே இல்லை என்பது 1535ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெரிகிறது. எல்லைப்புறத்தில் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும், தன் ஆட்களும் பொருள்களும் ஒதுங்குவதற்கு, 60 அடிச் சதுரத்தில் கல் மதில் எழுப்ப வேண்டும் என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது.

பிறகு 1542 நவம்பர் 24 வந்தது. ஜேம்ஸ் அனுப்பிய படை சால்வே மாஸ் என்ற சதுப்பு நிலத்தருகே, எஸ்க் ஆற்றுக்கும் சேற்றுக்கும் இடையில் சிக்கி, தன்னைவிடப் பல மடங்கு சிறிய, சுமார் 3,000 பேர் கொண்ட ஆங்கிலப் படையிடம் சிதறியது. ஏறக்குறைய 1,200 பேர் சிறைப்பட்டார்கள். மேக்ஸ்வெல் பிரபுவும் அவர்களில் ஒருவர். வழக்கு நிலத்தின் ஓரத்தில், ஜானியின் கோபுரத்திலிருந்து சில மைல் தொலைவில்தான் இது நடந்தது. தப்பி வடக்கே ஓடிய ஸ்காட்லாந்து வீரர்களை லிட்ஸ்டேல்காரர்கள் வழிமறித்து, குதிரையையும் உடையையும் பறித்து அனுப்பினார்கள். 1530 இல்லாவிட்டால் அவர்கள் உதவியிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. தோற்றவனிடம் பறிப்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் பதினாறு ஆண்டுகளுக்கு முன் மெல்ரோஸில் அதே எல்லைக்காரர்கள் அதே மன்னருக்காகக் குதிரை ஏறினார்கள் என்பதை நினைக்கும்போது, இடையில் என்ன முறிந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த மாதம், டிசம்பர் 14 அன்று, மகள் மேரி பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தபோது, ஃபாக்லண்ட் அரண்மனையில் ஜேம்ஸ் முப்பது வயதில் இறந்தார்.

வழக்கு நிலத்தின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1551இல் இரு நாட்டு வார்டன்களும், அங்கே குடியிருக்கும் எவரையும் யாரும் கொள்ளையடிக்கலாம், எரிக்கலாம், கொல்லலாம், ஈடு கேட்க முடியாது என்று அறிவித்தார்கள். 1552இல் அந்த நிலத்தின் குறுக்கே கரை வெட்டி இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1603இல் ஜேம்ஸின் பேரன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னராகி எல்லையே பொருளற்றுப்போன பிறகு, தூக்கு, நாடுகடத்தல், கோபுர இடிப்பு என்று இன்னும் கடுமையாக அந்தக் குலங்கள் கலைக்கப்பட்டன.

1530ஐப் பற்றிப் படிக்கிறவர்கள் இரண்டு இடங்களில் கதையில் ஏமாறுகிறார்கள்; அதைச் சொல்லி முடிக்கிறேன். காக்பர்னை அவருடைய கோட்டை வாசலிலேயே மன்னர் தூக்கிலிட்டார் என்றும், தூக்கிலிடும் ஓசை காதில் விழாதிருக்க மனைவி அருகிலிருந்த ஓடையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் போய் அழுதார் என்றும் ஒரு கதை உலவுகிறது. ஹென்டர்லண்டில் காக்பர்ன் ஒருவரும் அவர் மனைவி மார்ஜரியும் கிடக்கும் கல்லறையைக் காட்டி அதை உறுதிப்படுத்துவார்கள். கல்லில் உள்ள பெயர் பியர்ஸ், வில்லியம் இல்லை. வில்லியமின் தலை விசாரணைக்குப் பின் எடின்பரோவில் விழுந்தது. ஜானியைத் தூக்கிலிட்ட மரங்கள் அநீதி தாங்காமல் பட்டுப்போயின என்பதும் கதைதான். கார்லன்ரிக் தேவாலய முற்றத்தில் இப்போது நிற்பது, 1897இல் ஜானிக்கும் அவருடைய ஆட்களுக்கும் நட்ட ஒரு நினைவுக்கல். எதிரே உள்ள வயலில்தான் அவர்கள் எல்லோரையும் ஒரே குழியில் புதைத்தார்கள் என்று ஊரார் காட்டுகிறார்கள்.